வளைகுடாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: பள்ளிக் கட்டணம் பற்றி முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகையினர் குடும்ப விசா கிடைத்த மகிழ்ச்சியில், "அண்ணா, அங்கே பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். இன்னொரு வகையினர் தடிமனான கோப்போடு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "டிசி இல்லாமல் இங்கே சேர்த்துக்கொள்வார்களா?" என்பார்கள். முதல் வகையினர் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் நான்கைந்து ஆண்டுகளில் இரண்டாவது வகையினரின் கோப்பாக மாறுகின்றன.

ஷார்ஜாவில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பியவன் நான். என் இரு பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்தும், சொந்தக் கணக்கில் கோட்டை விட்டேன். விசா ஒரு நாட்காட்டியில் ஓடுகிறது, பள்ளி இன்னொரு நாட்காட்டியில் ஓடுகிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் பணம் போகிறது. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே, பருவத்தின் நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தால் எவ்வளவு இழப்போம் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்குக்காகத்தான்.

முதல் படி: குடும்பத்தை அழைக்கத் தகுதி இருப்பதும் வாழ வழி இருப்பதும் வேறு வேறு

ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும்; நிறுவனம் தங்குமிடம் தந்தால் 3,000 திர்ஹாம் போதும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "நமக்குத் தகுதி இருக்கிறது" என்று டிக்கெட் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். இது விசா அதிகாரி பார்க்கும் எண். வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கும் அந்த எண்ணோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது.

சவுதி அரேபியா வேறு கதை. அங்கே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் வரி உண்டு. 2017 ஜூலையில் தலைக்கு 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு 100 கூடி, 2020 ஜூலையில் 400 ரியாலில் வந்து நின்றது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். இகாமா என்ற வசிப்பிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டிய பணம் இது. பள்ளி வாசலைப் பார்க்கும் முன்பே போய்விடும். அதன் மேல், வெளிநாட்டவர் பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 2017க்குப் பிறகு சவுதியிலிருந்து நம் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஆளை அங்கே விட்டுவிட்டுப் பெட்டி படுக்கையோடு திரும்பியதற்குக் காரணம் பள்ளிக் கட்டணம் மட்டுமல்ல, இந்தத் தலைவரியும்தான்.

வளைகுடாவில் வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கட்டணமே இல்லாத அரசுப் பள்ளியையும் உதவிபெறும் பள்ளியையும் பார்த்துப் பழகிய நமக்கு இது முதல் அதிர்ச்சி. சவுதியில் தூதரகத்தின் மேற்பார்வையில் நடக்கும் இந்தியப் பள்ளிகளும், ஓமானில் ஒரே நிர்வாக வாரியத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பள்ளிகளும் ஓரளவு மலிவு. இடம் கிடைப்பதுதான் பாடு. வேலை எந்த நகரத்தில் என்று உறுதியானவுடன், வீடு தேடும் முன் பள்ளியில் இடம் தேடுங்கள். வீட்டை மாற்றலாம், கல்வியாண்டின் நடுவில் பள்ளியை மாற்றினால் இரட்டைச் செலவு.

இரண்டாம் படி: வேலைக் கடிதத்தில் ஒரு வரி

பிள்ளைகளின் படிப்புக்கு நிறுவனம் தரும் கல்விப் படி (அலவன்ஸ்) என்று ஒரு வரி சில நிறுவனங்களின் கடிதத்தில் இருக்கும். இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு? பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா, நாம் கட்டிய ரசீதைக் காட்டினால் திருப்பித் தருவார்களா? பஸ் கட்டணமும் புத்தகமும் அதில் அடங்குமா? ஆண்டின் நடுவில் நாம் வேலையை விட்டால் அந்தப் பணத்தைக் கணக்கு முடிக்கும்போது பிடித்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்குப் பலரும் பதிலை வேலையை விட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கையெழுத்திடும் முன் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாய்ச்சொல்லாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், இல்லை என்று எடுத்துக்கொண்டு கணக்கைப் போடுங்கள்.

மூன்றாம் படி: கட்டணம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கட்டணம்

துபாயில் தனியார் பள்ளிகளைக் கேஎச்டிஏ என்ற ஆணையம் கண்காணிக்கிறது. அபுதாபியில் அடெக், ஷார்ஜாவில் ஸ்பீயா. துபாய்ப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் வகுப்புவாரியான கட்டண விவரத் தாளை ஆணையம் தன் தளத்தில் வெளியிடுகிறது. பள்ளி அலுவலகத்தில் சொல்லும் தொகையை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளில் இல்லாத தலைப்பில் பணம் கேட்டால், "இது எங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே எழுத்து ஒப்பந்தமும் உண்டு. கையெழுத்திடும் முன் அதைப் படிப்பவர்கள் குறைவு. நானும் படிக்கவில்லை.

ஆண்டுதோறும் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. துபாயில் கல்விச் செலவுக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டு, எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்; 2024-25க்கு அது 2.6 சதவீதம், 2025-26க்கு 2.35 சதவீதம். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் பிள்ளை மேல் வகுப்புக்குப் போகும்போது ஏறும் கட்டணம் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. அது வகுப்புக்கு வகுப்பு தாளிலேயே கூடுதலாகத்தான் அச்சாகியிருக்கும். ஆகவே இந்த ஆண்டின் வகுப்பை மட்டும் பார்க்காமல், அடுத்த நான்கு வகுப்புகளின் கட்டணத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் நான் கற்பனையாக வைத்தவை. உங்கள் பள்ளியின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 7,000 திர்ஹாம், இரண்டு பிள்ளைகள். பயிற்றுக் கட்டணம் ஒருவருக்கு ஆண்டுக்கு 6,000 என்றால் இருவருக்கும் 12,000. பஸ் ஒருவருக்கு 2,800, இருவருக்கும் 5,600. புத்தகம், சீருடை, காலணி தலைக்கு 1,200, ஆக 2,400. விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 500, ஆக 1,000. மொத்தம் 21,000 திர்ஹாம். சரியாக மூன்று மாதச் சம்பளம். தொலைபேசியில் ஊருக்குச் சொல்லும்போது எல்லோரும் முதல் எண்ணான 12,000 திர்ஹாமைத்தான் சொல்கிறார்கள். மீதி 9,000 யாருடைய பேச்சிலும் வருவதில்லை.

பஸ் கட்டணத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். வாடகை மலிவு என்று தொலைவில் வீடு பிடித்து, அந்த மிச்சத்தைப் பள்ளிப் பேருந்துக்கே கொட்டியவர்கள் உண்டு. வெயில் நாளில் பிள்ளையை நடக்க வைக்கவும் முடியாது.

இன்னொன்று, ரூபாயில் யோசிக்கும் பழக்கம். திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725. ரியாலும் அப்படியே, 3.75. ரூபாய் சரியும்போதெல்லாம் ஊருக்கு அனுப்புகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் திர்ஹாமில் சம்பாதித்துத் திர்ஹாமில் கட்டணம் கட்டுகிறவருக்கு ரூபாய் சரிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒன்றுதான். குடும்பத்தை அழைத்துப் போன நாளிலிருந்து உங்கள் லாப நஷ்டக் கணக்கு ரூபாயில் இல்லை. நகைக் கடனை ஊரில் வைத்துவிட்டு அங்கே பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார்.

நான்காம் படி: எந்த மாதத்தில் சேர்ப்பது, நடுவில் விட்டால் என்ன ஆகும்

அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. பிறகு செப்டம்பர், அதன் பிறகு ஜனவரி என்று பருவங்கள். நம் ஊரில் ஜூனில் பள்ளி திறக்கும். கேரளப் பள்ளியில் மார்ச் தேர்வு முடித்த பிள்ளையை ஏப்ரலில் அங்கே சேர்ப்பதே சிக்கனம். விசா தாமதமாகி மே மாதம் போய்ச் சேர்ந்தால், முடியப்போகும் பருவத்துக்கு முழுப் பணம் கேட்கக்கூடும். அந்த நிலையில், கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் சேர்க்க முடியுமா, பாடம் பின்தங்காதா என்று பள்ளியிடமே பேசிவிடுவது நல்லது.

வயதுக் கணக்கும் உண்டு. அமீரகத்தின் இந்தியப் பள்ளிகளில் முதல் வகுப்புக்கு 6 வயது. நம் பக்கம் 5 வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. சிறு வகுப்புப் பிள்ளையை எந்த வகுப்பில் எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பு கீழே போனால் அது ஓராண்டுக் கட்டணம்.

இனி, யாரும் கேட்காத கேள்வி: பருவத்தின் நடுவில் விலகினால் பணம் திரும்புமா? துபாய் விதி இப்படி: பருவம் தொடங்கி இரண்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ பிள்ளை வந்திருந்தால் ஒரு மாதக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை என்றால் இரண்டு மாதக் கட்டணம், ஒரு மாதம் தாண்டிவிட்டால் அந்தப் பருவத்தின் முழுக் கட்டணமும் போனது போனதுதான். அதாவது, வேலை போகப் போகிறது என்ற பேச்சு அலுவலகத்தில் காற்றோடு கலந்து வரும்போது பருவம் எத்தனையாவது வாரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து நாள் தயங்கினால் ஒரு பருவத்தின் பணம்.

என் கதை இங்கேதான். நான் வேலை பார்த்த நிறுவனம் மே மாதத்தில் ஆட்குறைப்பு செய்தது. ஏப்ரல் பருவத்தின் ஐந்தாவது வாரம். முழுப் பருவப் பணமும் போயிற்று. அதை விடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். பல பள்ளிகளில் ஆண்டு தொடக்கத்திலேயே செப்டம்பர், ஜனவரி பருவங்களுக்குப் பின்தேதியிட்ட காசோலைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். டிசிக்கு விண்ணப்பித்தேன், நூலகப் புத்தகங்களைக் கொடுத்தேன், பஸ் அட்டையைக் கொடுத்தேன். காசோலைகளைத் திரும்ப வாங்க மறந்தேன். செப்டம்பரில், நான் ஊரில் தேங்காய் வெட்டுக்கூலி கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் காலி செய்துவிட்டு வந்த கணக்கில் அந்தக் காசோலை போய் மோதியது. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல், பணமில்லாமல் திரும்பிய காசோலை பெரும்பாலும் குற்ற வழக்கு ஆவதில்லை. ஆனால் அந்தக் காசோலையையே நீதிமன்றத் தீர்ப்பு போல வைத்து நேரடியாக வசூல் நடவடிக்கை எடுக்கலாம், பயணத் தடை வரை போகலாம். மீண்டும் அந்த நாட்டுக்குள் நுழையும் எண்ணம் உள்ளவர் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அறை நண்பர் ஒருவர் மூன்று முறை அலைந்து அதைத் தீர்த்து வைத்தார். அவருக்கு நான் இன்றும் மாம்பழக் காலத்தில் முதலமடையிலிருந்து ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

வேலை போனால் கைகொடுக்க அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹாம் சந்தா. தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மாதத்துக்கு 10,000 திர்ஹாமுக்கு மேற்படாமல், மூன்று மாதம் வரை வரும். நாமாக ராஜினாமா செய்தால் வராது. பிள்ளைகளின் பருவத்தை முடித்துக்கொண்டு கிளம்ப இது உதவும். மனைவியும் வேலையில் இருந்தால், கணவரின் விசா ரத்தாகும் முன் பிள்ளைகளின் விசாவை அவர் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று உடனே விசாரியுங்கள், கல்வியாண்டு தப்பும்.

ஐந்தாம் படி: எல்லையோரத்துக்காரனின் ஆவணச் சிக்கல்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருச்சூர்க்காரருக்கும் மதுரைக்காரருக்கும் இல்லாத தலைவலி நமக்கு உண்டு. நம் வீடு கேரளத்தில். பிரசவத்துக்குப் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ மருத்துவமனை. அதனால் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில். திருமணம் பெண் வீட்டில், அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கப் பதிவு. பிள்ளை வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிப் படித்திருந்தால் டிசி தமிழ்நாட்டுப் பள்ளியில். மூத்தவன் சித்தூரில் படித்திருந்தால் அவனுடைய டிசி கேரளத்தில். ஒரே குடும்பம், நான்கு காகிதம், இரண்டு மாநிலம்.

ஆவணத்தை எந்த மாநிலம் வழங்கியதோ அந்த மாநிலத்தின் சான்றொப்பம்தான் முதலில் வேண்டும். கேரளக் காகிதங்களைத் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோட்டிலுள்ள நோர்க்கா (வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பு) மையங்களில் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக் காகிதங்கள் சென்னை வழியாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒரே ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, பாதி திரும்பி வந்த பிறகு விழிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதலில் மேசை மேல் இரண்டு குவியலாகப் பிரியுங்கள்.

அதற்குப் பிறகு போகிற நாட்டைப் பொறுத்தது. சவுதி 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முத்திரையை ஏற்கிறது. ஓமானும் பஹ்ரைனும் அதற்கு முன்பிருந்தே ஏற்கின்றன. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரு முத்திரையோடு வேலை முடியும். அமீரகம் அந்த முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இல்லை. அங்கே போக வெளியுறவு அமைச்சகத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம், போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று இன்னும் இரண்டு படிகள். ஒவ்வொரு படிக்கும் பணம், ஒவ்வொரு படிக்கும் நாள். இரண்டாம் வகுப்புக்கும் மேலும் சேர்கிற பிள்ளைக்கு டிசியிலும் இந்தச் சான்றொப்பம் கேட்பார்கள். ஏப்ரலில் பள்ளி என்றால் ஜனவரியிலேயே பிறப்புச் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடலாம். டிசி மட்டும்தான் மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

பெயர். தமிழர்களுக்கே உரிய வம்பு. பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், பள்ளிப் பதிவேட்டில் முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் பின்னால் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா இல்லை என்று அறிவித்தபோது, நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் திடீரென்று தலைப்பெழுத்துக்கு விரிவாக்கம் தேடினார்கள்! குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். பிறகு பள்ளிப் பதிவேட்டில் அதே எழுத்துக்கூட்டல். ஒரு எழுத்து மாறினால்கூட, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அது பின்தொடரும்.

ஆறாம் படி: ஒன்பதுக்குப் பிறகு விளையாடாதீர்கள்

எட்டாம் வகுப்பு வரை எங்கிருந்தும் எங்கும் மாறலாம். ஒன்பதில் சிபிஎஸ்இ மாணவரைப் பெயர் பதிகிறது, பதினொன்றில் மறுபடியும். பத்திலோ பன்னிரண்டிலோ நேராகச் சேர முடியாது. ஒன்பதை அல்லது பதினொன்றை அதே வாரியத்தின் பள்ளியில் முடித்திருக்க வேண்டும், மாற்றத்துக்குத் தக்க காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். கேரள மாநிலப் பாடத்திலிருந்து ஒன்பது முடித்த பெண்ணைப் பத்தாம் வகுப்புக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்தால் ஒன்பதையே மீண்டும் படிக்க நேரும்.

ஆகவே விசாவின் இரண்டு ஆண்டுகளையும் பிள்ளையின் வகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விசா முடியும் ஆண்டு பத்தாம் வகுப்பில் விழுகிறதா? அப்படியானால், ஒன்று எட்டிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவது, இல்லை என்றால் ஒன்பதாவது பத்தாவது இரண்டுக்குமான முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்குவது. இடைப்பட்ட வழி எதுவும் நான் பார்த்தவரை நல்லபடியாக முடியவில்லை. என்னைக் கேட்டால், மூன்றாவது நான்காவது படிக்கும் பிள்ளையை அழைத்துப் போய் எட்டாவது முடித்துத் திரும்புவதே பணத்துக்கும் படிப்புக்கும் ஒத்துப்போகும் கணக்கு.

வளைகுடா அல்லாத நாடுகள், சுருக்கமாக

செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே அரசுப் பள்ளி இலவசம். ஆனால் பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகப் போனவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைக்க முடியாமல் போனது; 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. செவிலியரையும் பராமரிப்புப் பணியாளரையும் ஒன்றாகப் பேசும் ஏஜெண்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். சுகாதாரத் துறை அல்லாத திறன் வேலை விசாவில் போகிறவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை விசாக் காலம் முழுவதற்கும் முதலிலேயே கட்ட வேண்டும். மூன்று ஆண்டு விசா என்றால் 2,328 பவுண்டு.

ஆஸ்திரேலியாவில் 482 என்ற தற்காலிகத் திறன் வேலை விசாவில் போகிறவர்களுக்கு மாநிலம்தான் தலையெழுத்து. நியூ சவுத் வேல்ஸில் தற்காலிக விசாக் குடும்பங்கள் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கான பிரிவில் விண்ணப்பித்துச் சேர்க்கை அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகே பள்ளியை அணுக முடியும். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் அதே விசாவுக்கு விலக்கு. வாளையாறு எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுவது நமக்குப் புதிதல்லவே. சிட்னியா மெல்பர்னா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர், சம்பளத்தில் இருக்கும் சிறு வித்தியாசத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

சிங்கப்பூரில் எளிய பணி அனுமதிச் சீட்டில் போகிறவர் குடும்பத்தை அழைக்கவே முடியாது. நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அட்டையும் மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளமும் வேண்டும்.

கடைசிப் படி: திரும்பி வந்த வாரம்

கிளம்பும் முன் அங்கே வாங்க வேண்டியவை: பாக்கி இல்லை என்ற கடிதம், டிசி, அதன் மேல் அங்குள்ள கல்வி அதிகாரத்தின் முத்திரை, கடைசி மதிப்பெண் பட்டியல், மேலே சொன்ன காசோலைகள். கட்டண பாக்கி இருந்தால் வளைகுடாப் பள்ளிகளிடம் டிசி வாங்குவது கடினம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டிசி என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி உண்டு என்று அதில் குறிக்கவும் கூடாது என்று சொன்னது. அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு. அந்தச் செய்தியை வெட்டி எடுத்து ஷார்ஜாவில் காட்டிப் பயனில்லை.

டிசி இல்லாமலே வந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ மறுக்கக் கூடாது. உங்கள் பகுதி அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். தனியார் பள்ளி நன்கொடை கேட்டால், அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு அதற்குப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தனியார் பள்ளியில் சேர்ப்பதானால், தமிழ்நாட்டுக் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இந்தியப் பள்ளிக்குக் கட்டும் பயிற்றுக் கட்டணத்துக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் இரண்டு பிள்ளைகள் வரை, 80சி என்று நாம் பழகிய ஒன்றரை லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழிவு கேட்கலாம். வெளிநாட்டுப் பள்ளிக்குக் கட்டியதற்கு இல்லை. பஸ்ஸுக்கும் நன்கொடைக்கும் இல்லை.

கேரளப் பிரவாசி (வெளிநாடுவாழ்வோர்) நல வாரியம் மலையாளிகளுக்கு மட்டும் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் நாம் கேரளவாசிகள். உறுப்பினராகச் சேரலாம், பிள்ளைகளின் மேற்படிப்புக்கான உதவியும் உறுப்பினர்களுக்கு உண்டு. வெளிநாட்டில் இருக்கும்போதே சேர்ந்துவிடுவது நல்லது. பட்டப்படிப்புக்கு, இந்திய வெளியுறவு அமைச்சகம் வெளிநாடுவாழ் இந்தியர் பிள்ளைகளுக்குத் தரும் உதவித்தொகையில் வளைகுடா போன்ற நாடுகளில் உழைக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. அவர்கள் பள்ளிப் படிப்பை இந்தியாவிலேயே முடித்திருந்தாலும் அந்த இடங்களில் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக மொழி. கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம். எல்லையைத் தாண்டினால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வரை தமிழ் கட்டாயம். அங்கே ஐந்தாறு ஆண்டுகள் அரபியும் இந்தியும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இரண்டும் எழுத்துக்கூட்ட வராது. என் மகன் ஆறாம் வகுப்பில் திரும்பியபோது வீட்டில் சரளமாகத் தமிழ் பேசினான். 'ள'வும் 'ழ'வும் எழுதத் தெரியாது. அங்கே சேர்க்கும்போதே இரண்டாம் மொழியாகத் தமிழோ மலையாளமோ சொல்லித் தரும் பள்ளியா என்று பாருங்கள். இரண்டில் எது என்பதைத் திரும்பி எந்தப் பக்கம் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அந்த வசதி இல்லாத பள்ளி என்றால் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் ஒரு பக்கம் எழுத வையுங்கள். நான் அதைச் செய்யாததால், திரும்பிய பின் இரண்டு ஆண்டுகள் மாலை நேரத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் அவனை அனுப்பினேன். சித்தூர் தாலுகாவில் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தமிழ் வழிப் பிரிவு இன்றும் இருக்கிறது. அங்கே பாடம் நடத்தியவர் அவர். மாதம் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டபோது, தேங்காய் இருந்தால் கொடுங்கள் என்றார்.